சாமித்தம்பியின் ஆட்டம்

படத்தின் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு சின்ன வட்டம் பனித்திருந்தது. பரமநாதன் அதைத் துணியால் துடைத்தான். போகவில்லை. துணியை மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னொரு முறை அழுத்தித் துடைத்தான். பிறகு விரலால் தொட்டுப் பார்த்தான். கண்ணாடி உலர்ந்து வழுவழுப்பாக இருந்தது. பனிப்பு உள்ளே இருந்தது. கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில்.

அது 1986 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்தரைதான் ஆகியிருந்தது, ஆனால் அந்த மாதத்தில் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரத்துக்கு ஐந்தரை என்றால் இருட்டு. மூன்றாம் மாடியில் இருந்த வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றை வாரநாட்களில் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை துப்புரவு செய்வது அவனுடைய வேலை. குப்பைக்கூடைகள், சாம்பல் கிண்ணங்கள், மரத்தரை, கடைசியாக வழக்கறிஞர் பிராவ் லூத்தியின், அதாவது திருமதி லூத்தியின், அறை. அந்த அறையில், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் படம் தொங்கியது.

செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலம் ஊற்றி, மை தடவி அச்சடித்த படம் என்று பிராவ் லூத்தி ஒருநாள் அவனுக்குச் சொல்லியிருந்தாள். முந்நூற்றைம்பது வருடப் பழையது. தெருவில் கூத்தாடிப் பிழைத்த இத்தாலிக்காரர்கள். முன்னால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள். முகமூடியில் நீண்டு வளைந்த மூக்கு, தொப்பியில் கோழிச்சிறகு, மடங்கிய முழங்கால், பின்னால் வீசிய கை, ஐந்து விரலும் விரிந்து நின்ற விதம், எல்லாம் ஒரு நொடி முன்புதான் அசைந்து நின்றவைபோல இருக்கும். அவர்களுக்குப் பின்னால், வெகு தூரத்தில், அரிசிமணி அளவில் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

பரமநாதனுக்கு அந்தப் படம் பிடிப்பதில்லை. வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூசி தட்டுவான். இன்றைக்குத் திருப்ப முடியவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் மெல்லச் சிறுத்தது. பிறகு பெருத்தது. பிறகு சிறுத்தது.

ஹீட்டர் சூட்டுக்கும் ஜன்னல் குளிருக்கும் நடுவில் தொங்கினால் எந்தக் கண்ணாடியும் அப்படித்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தான். ட்ராமில் இருக்கை கிடைத்து உட்கார்ந்த பிறகுதான், தன் மூச்சும் அதே கணக்கில் போய்வருவதைக் கவனித்தான்.

புதன்கிழமை அவன் தரை துடைக்க வந்தபோது பிராவ் லூத்தி இன்னும் மேசையில் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு கதைக்கிற பழக்கம். அவனுக்கு விளங்கவேண்டும் என்று ஜெர்மன் மொழியை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார், லாங்கன்தாலில் இருந்து. ஹெர் சாமித்தம்பி. தெரியுமா?"

துடைப்பத்தின் பிடி அவன் உள்ளங்கையில் வழுக்கியது. "இல்லை" என்றான்.

"பாவம் மனிதர். முதல் புகலிட விசாரணையில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில்தான் உண்மையைச் சொன்னார். ஆனால் அதே கதையை, வரிக்கு வரி, வேறு ஒருவர் முன்னமே சொல்லிவிட்டாராம். இவர் அதைக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார் என்று நிராகரித்துவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் நான் மேல்முறையீடு எழுதவேண்டும்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பரமநாதன் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றான். காது மடல் இரண்டும் நெருப்பாகக் கொதித்தன.

இரண்டு வருடத்துக்கு முன்பு, லாங்கன்தால் அகதி முகாமில், அவனும் சாமித்தம்பியும் ஒரே அறை. இரண்டடுக்குக் கட்டிலில் மேலே அவன், கீழே அவர். அவன் யாழ்ப்பாணத்தான், இருபத்தைந்து வயது. அவர் மட்டக்களப்புப் பக்கம், நாற்பதை நெருங்கிய மனிதர். ஊரில் விவசாயம், திருவிழா வந்தால் கூத்து. ஒருநாள் மத்தியானம் அவித்த உருளைக்கிழங்குக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவர் சொல்லத் தொடங்கினார்.

இலங்கை ஆமிச் சிப்பாய்கள் அவர் வீட்டைச் சோதித்தபோது பெட்டிக்குள் கூத்துக்குத் தலையில் வைக்கும் முடியும் காலில் கட்டும் சதங்கையும் இருந்தன. அவரையும் தம்பி பாலசிங்கத்தையும் ஊர்ச் சந்திக்குக் கொண்டுபோய், அவற்றைக் கட்டவைத்து, உச்சி வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு ஆடச் சொன்னார்கள். ஒருவன் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டான். ஊரைக் கூட்டி நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணை எடுத்தவனுக்கு அடி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தம்பி விழுந்தான். எழும்பவில்லை.

"அவன் விழுந்த பிறகும் நான் ஆடின நான் தம்பி" என்றார் சாமித்தம்பி. "அவனைச் சுத்திச் சுத்தி ஆடின நான். நிப்பாட்டச் சொல்லும்வரைக்கும் நிப்பாட்டயில்லை. இதை நான் என்ர பெண்சாதிக்கும் சொன்னதில்லை. நீயும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"சத்தியமாச் சொல்லமாட்டன் அண்ணை."

மூன்று கிழமை கழித்துப் பரமநாதனின் விசாரணை. அவனுக்கும் நடந்தவை உண்டு. சோதனைச் சாவடியில் ஒரு அறை, கூடப்படித்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனது, பயத்தில் தூங்காத ராத்திரிகள். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அப்போது தன் வாய் திறந்ததை அவனே கேட்டான். எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்றது அந்த வாய். அவனுக்கு இருந்தது இரண்டு தங்கைகள் மட்டும். வாளித் தாளம், தார் ரோடு, சுற்றிச் சுற்றி ஆடியது, எல்லாம் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, முழங்காலை மடித்து, கையை வீசி ஆடியும் காட்டினான். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் மெஷினை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள்.

அதுவரை நடந்ததற்காவது அவனிடம் ஒரு சமாதானம் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு இல்லை. அவள் கண்ணைத் துடைத்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மேடையில் கைதட்டு வாங்கியவனைப்போல மயிர்க்கால்கள் சிலிர்த்தன. இன்னும் ஒரு சுற்று ஆடினான்.

தரையைத் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது படம் அவன் கண்மட்டத்தில் இருந்தது. பனிப்பு இல்லை. ஆட்டக்காரர் இருவரும் வழக்கம்போல ஒருவரை ஒருவர் பார்த்து மடங்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த அரிசிமணிக் கூட்டம். அவர்கள் ஆட்டக்காரரைப் பார்ப்பவர்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தொப்பிகளின் சாய்வு அப்படி இருக்கும். இப்போது தொப்பிகள் எல்லாம் நேராக இருந்தன. ஒவ்வொரு தொப்பிக்கும் கீழே இரண்டு புள்ளிகள் இருந்தன.

ஆட்டக்காரரைத் தாண்டி, அறைக்குள் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் தங்கியிருந்த வீட்டு டெலிபோனில் அழைப்பு வந்தது.

"தம்பி, நான் சாமித்தம்பி. எப்படியிருக்கிறாய்? சாப்பிட்டியா?"

"ஓம் அண்ணை."

"நாளைக்குப் பேர்ணுக்கு வாறன், வக்கீலம்மாட்டை. நான் அந்தக் கதையை விசாரணைக்கு முந்தியே ஆருக்காவது சொன்ன நானோ எண்டு கேப்பினமாம். உனக்கு மட்டும்தானே சொன்ன நான். நீ ஒருக்கா வந்து, ஓம், இந்த மனிசன் எனக்கு அப்பவே சொன்னவர் எண்டு சொன்னாக் காணும். முகாமிலை ஆரோ ஒட்டுக் கேட்டுப்போட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் நல்லா இருக்கட்டும். அவனுக்கு என்ன கஷ்டமோ."

பரமநாதன் டெலிபோன் வயரை விரலில் சுற்றினான். விரல் நுனி வெளுத்து நீலமாகும்வரை சுற்றினான்.

"வேலை இருக்குதண்ணை" என்றான். "பாப்பம்."

அன்று மாலை அவன் பிராவ் லூத்தியின் அறை விளக்கைப் போடவில்லை. பக்கத்து அறை வெளிச்சத்திலேயே வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தான். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. கீழே ட்ராம் தண்டவாளங்கள் மூடிப்போய், தரிப்பிடத்து மஞ்சள் விளக்கு மட்டும் கரைந்துகொண்டிருப்பதுபோலத் தெரிந்தது. அறைக்குள் மெழுகு பூசிய மரமும் பழைய கடுதாசியும் ஆறிப்போன சிகரெட்டும் சேர்ந்து வழக்கமாக வீசும் மணம் இருந்தது. அதற்கடியில், முதலில் நிச்சயமில்லாமல், பிறகு தொண்டையைப் பிடிக்கும் அளவுக்கு, இன்னொரு மணம் ஏறியது. வெயிலில் உருகும் தார். புழுதி. வேர்வை. டிசம்பர் மாதத்தில், மூன்றாம் மாடியில், சாத்திய ஜன்னலுக்குள்.

ஹீட்டர் குழாய் தட்டியது. டங். டங். பழைய கட்டடங்களில் குழாய் தட்டும். டங், டங், டங். இடைவெளி ஒழுங்காக இருந்தது. குழாய்க்கு ஏன் ஒழுங்கு?

படத்தைப் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினான். இருட்டுக் கண்ணாடியில் அவனுடைய உருவம் தெரிந்தது. ஒரு கையில் தூசித்துணி. மறு கை பின்னால் வீசியிருந்தது, ஐந்து விரலும் விரிந்தபடி. இடது முழங்கால் மடங்கியிருந்தது.

அவன் நேராகத்தான் நின்றான். நேராக நிற்பதாகத்தான் அவனுடைய கால் அவனுக்குச் சொன்னது. குனிந்து பார்த்தான். முழங்கால் மடங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து அமுக்கித்தான் அதை நிமிர்த்த முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவன் வேண்டுமென்றே ஐந்தே கால் ஆனபிறகு போனான். நாலு மணிக்கு வந்தவர் அதற்குள் போயிருப்பார். ஆனால் பனியால் லாங்கன்தால் ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தது. மொழிபெயர்க்க வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். பரமநாதன் கதவைத் திறந்தபோது சாமித்தம்பி உள்ளே நாற்காலி நுனியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வந்திட்டியா தம்பி! வரமாட்டாய் எண்டெல்லோ நினைச்ச நான்."

"உங்களுக்குத் தெரிந்தவரா?" பிராவ் லூத்தி அவனை உற்றுப் பார்த்தாள்.

"ஊர்க்காரர்" என்றான் அவன் ஜெர்மன் மொழியில். "பெயர் மறந்துவிட்டது."

அவளுக்கு நேரம் இல்லை. "நீங்களே மொழிபெயருங்கள். அவர் சொல்வதை அப்படியே, 'நான்' என்றே சொல்லவேண்டும். தயவுசெய்து."

சாமித்தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். பரமநாதன் படத்துக்குக் கீழே நின்று, அதை ஜெர்மன் மொழியில் சொன்னான். நான் சந்திக்குக் கொண்டுபோகப்பட்டேன். நான் ஆடினேன். என் தம்பி விழுந்தான். ஒவ்வொரு வசனமும் அவன் நாக்குக்கு முன்னமே பழக்கமாக இருந்தது. சாமித்தம்பி தேடித் தேடி எடுத்த சொற்களுக்கு அவர் முடிக்குமுன்பே அவனிடம் ஜெர்மன் சொல் தயாராக இருந்தது. ஒரு இடத்தில் அவர் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டான், சதங்கை அறுந்து மணிகள் ரோட்டில் உருண்டன என்று. அது அவன் தன்னுடைய விசாரணையில் அழகுக்குச் சேர்த்தது.

பிராவ் லூத்தியின் பேனா நின்றது. பிறகு ஓடியது.

முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு உள்ளே, யாரோ உலர்ந்த குரலில் சிரிப்பை அடக்குவதுபோல ஒரு கீறல் சத்தம்.

"கடைசிக் கேள்வி" என்றாள் அவள். "இதை விசாரணைக்கு முன்பு யாரிடமாவது சொன்னாரா? சாட்சி சொல்ல ஒருவர் இருந்தால் போதும். எல்லாம் அதில்தான் இருக்கிறது."

பரமநாதன் தமிழில் கேட்டான். சாமித்தம்பி சிரித்தார். கையை நீட்டி அவனுடைய சட்டைக் கையைத் தொட்டார்.

"உனக்குத்தானே சொன்ன நான். சொல்லன் தம்பி, அம்மாவுக்கு."

ஹீட்டர் குழாய் தட்டுவதை நிறுத்தியது. பனியில் ட்ராம் சத்தமும் இல்லை. அவன் சொல்லியிருக்கலாம். வாயில் எச்சில் ஊறியது, நாக்கு எழும்பியது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வி அவனுடைய பெயரில் இருக்கும் கோப்பைத் திறக்கும்.

"ஒருவரிடமும் சொல்லவில்லை என்கிறார்" என்றான்.

அவள் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடினாள். "அப்படியென்றால் என்னால் அதிகம் எழுத முடியாது."

சாமித்தம்பி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"ஓம் அண்ணை. சொல்லிட்டன்."

அவர் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவனுடைய கைகள் எரிந்தன. "உன்னை மறக்கமாட்டன். நீ வேலையை முடி. நான் கீழை ட்ராம் நிக்கிற இடத்திலை நிக்கிறன். ரெண்டு பேருமாப் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பிராவ் லூத்தியும் போனாள். தெருக்கதவு மூடிக்கொண்டது. ஆறு மணி ஆகவில்லை இன்னும்.

அவன் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டான். சாம்பல் கிண்ணத்தை எடுத்தான். வைத்தான். கால் முட்டியில் ஏதோ ஒரு நரம்பு துடித்தது. இப்போதே ஓடிப்போய்த் தெருவில் அவளை நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனை வாசல்வரை கொண்டுபோனது. வாசலில், பின்னால் ஏதோ ஒன்று அவனைப் பார்க்கிறது என்று தெரிந்தது. பார்வை பிடரியில் சூடாகப் பட்டது.

திரும்பினான்.

படத்தில் கூட்டம் இருந்தது. அரிசிமணி முகங்கள், நெருங்கி, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, முன்னால் வந்திருந்தன. அவற்றுக்கு முன்னால் வெறும் தாள். வெள்ளை. ஆட்டக்காரர் நின்ற இடத்தில் நிழல்கூட இல்லை.

டங்.

மரத்தரையில் வெறுங்கால் வைக்கும் சத்தம். அவனுடைய இடப்பக்கத்தில். பிறகு வலப்பக்கத்தில். மெழுகிட்ட பலகையில் தோல் ஒட்டிப் பிரியும் சத்தம். தார் மணம்.

டங். டங்.

அவன் அசையவில்லை. கண்ணை மட்டும் கீழே தாழ்த்தினான். பலகையில் ஈரமான பாதச்சுவடு ஒன்று. மை நிறத்தில். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவனைச் சுற்றி.

"அண்ணை" என்று கூப்பிட நினைத்தான். யாரை?

மணிக்கட்டை ஏதோ பிடித்தது. கடுதாசிபோல உலர்ந்த விரல்கள். இழுக்கவில்லை, முறுக்கவில்லை. கூட்டாளியை ஆட்டத்துக்கு அழைப்பவன் எப்படிப் பிடிப்பானோ அப்படி, நட்பாக.

முழங்கால் மடங்கியது.

கை பின்னால் வீசியது.

டங், டங், டங்.

ஜன்னலுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். எல்லா விளக்கும் எரிந்தது. அவன் ஆடினான். நிறுத்தச் சொல்லிக் கால்களுக்குச் சொன்னான். கால்கள் வேறு யாரையோ கேட்டன. விசாரணையில் அவன் ஆடிக்காட்டியது வெறும் பாவனை. இது அது இல்லை. எந்த இடத்தில் குதிக்கால், எந்த இடத்தில் பாதி வட்டம், எந்த இடத்தில் விழுந்து கிடப்பவனை மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்டவேண்டும், எல்லாம் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

கீழே, மஞ்சள் விளக்கின் கீழ், சாமித்தம்பி கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எதற்கோ அண்ணாந்து பார்த்தார்.

முதலில் சிரித்தார், அவனைக் கண்டுகொண்ட சிரிப்பு. கையசைக்கத் தூக்கினார். கை பாதியில் நின்றது.

அவன் முகத்தைத் திருப்பப் பார்த்தான். முடியவில்லை. தாண்டினான். சுற்றினான். தாண்டினான். தரையில் இல்லாத ஒருவனை.

சாமித்தம்பியின் கை இறங்கியது. தொப்பியைக் கழற்றினார். அவருடைய உதடுகள் அசைந்தன. பரமநாதனுக்கு அந்த அசைவு விளங்கியது. அவர் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அடி சரியாக விழுந்தது. ஒவ்வொன்றும்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் நின்று அண்ணாந்தார். பிறகு கூடையோடு ஒரு பெண். பிறகு இரண்டு பேர். ட்ராம் வந்து நின்றது; கதவு திறந்தது; இறங்கியவர்கள் நடக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்தார்கள். பனி அவர்கள் தலையிலும் தோளிலும் விழுந்து மூடியது. ஒருவரும் தட்டிவிடவில்லை. ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

கண்ணாடியில், அவர்கள் எல்லோர் முகத்துக்கும் மேலே, அவனுடைய முகம் தெரிந்தது.

அது பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.